ஐந்து டாலர் டிக்கெட்டும் மாறிக்கொண்டே இருந்த இசையும்

ஃபுகாஸி ரசிகர்கள் மூவரை உட்காரவைத்து, எந்த ஆல்பம் உசத்தி என்று கேட்டால் பேச்சு லேசில் முடியாது. கல்லூரி நாளில் கேசட் வாங்கியவர், 1990-ல் வந்த ‘ரிப்பீட்டர்’ என்பார். ஐந்தாறு வருஷம் கழித்து வந்து சேர்ந்தவர் ‘ரெட் மெடிசின்’ என்று அடித்துச் சொல்வார். குழு மேடையை விட்டு இறங்கிய பிறகு பிறந்த பிள்ளை, ‘தி ஆர்கியுமென்ட்’தான் என்று சாதிக்கும். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் மூன்று வெவ்வேறு குழுக்களின் வேலை என்றே தோன்றும். ஆனால் வாசித்தவர்கள் அதே நால்வர்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1987-ல் மேடையேறி, 2002 வரை நின்ற குழு இது. இயன் மெக்காயும் கய் பிச்சோட்டோவும் பாட்டு, கிட்டார்; ஜோ லாலி பேஸ் கிட்டார்; பிரெண்டன் கான்டி டிரம்ஸ். ஆறு முழு ஆல்பங்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகள். போஸ்ட்-ஹார்ட்கோர் என்ற இசை வகையைப் பற்றிப் பேசும் எவரும் இவர்களைத் தாண்டிப் போக முடியாது. டெக்சாஸின் அட் தி டிரைவ்-இன், ஸ்வீடனின் ரெஃப்யூஸ்டு போன்ற குழுக்களின் பாட்டில் இவர்களின் தடம் தெளிவாகத் தெரியும். நான் இவர்களை நேசிப்பதற்குக் காரணம் ஒன்றுதான். கச்சேரி நடத்திய முறையில் இவர்கள் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. இசையிலோ ஓரிடத்தில் நிற்கவே இல்லை. முதலாவது உறுதியாக இருந்ததால்தான் இரண்டாவது சாத்தியமாயிற்று.

வேகத்திலிருந்து விலகியவர்கள்

1980களின் தொடக்கத்தில் வாஷிங்டனில் ஹார்ட்கோர் பங்க் என்றால் வேகம், மேலும் வேகம். மெக்காயின் முந்தைய குழுவான மைனர் த்ரெட் பாடிய ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ ஒரு நிமிடம்கூட ஓடாது. குடியும் போதையும் எனக்கு வேண்டாம் என்று சொன்ன அந்தப் பாட்டின் தலைப்பு, பிறகு உலகெங்கும் ஓர் இளைஞர் போக்கின் பெயராகவே ஆகிவிட்டது. 1983-ல் மைனர் த்ரெட் கலைந்தது. பிச்சோட்டோவும் கான்டியும் இருந்த ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழு 1985-ல் அதே கோபத்துக்குள் மனவலியையும் கொண்டுவந்தது. அதுவும் நீண்ட நாள் நீடிக்கவில்லை.

இந்த இரண்டு வழிகளும் சேர்ந்த இடம்தான் ஃபுகாஸி. முதல் கச்சேரி 1987 செப்டம்பர் 3 அன்று வாஷிங்டனின் வில்சன் சென்டரில் நடந்தது. தொடக்கத்தில் பிச்சோட்டோ கிட்டாரைத் தொடவில்லை. மைக்கைப் பிடித்துப் பாடுவார், ஆடுவார், மெக்காயின் குரலுக்குப் பக்கவாட்டில் இன்னொரு குரலாக நிற்பார். 1988-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்த கச்சேரியில், பாட்டின் நடுவே அவர் கூடைப்பந்து வளையத்துக்குள் உடம்பை நுழைத்துத் தலைகீழாகத் தொங்கியபடி பாடினார். ஜெம் கோஹன் இவர்களைப் பற்றி எடுத்த ‘இன்ஸ்ட்ருமென்ட்’ ஆவணப்படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. கையில் கருவி இல்லாத ஒருவர் உடம்பையே கருவியாக்கிக்கொண்ட காலம் அது.

அந்தக் காலத்துப் பாட்டுக்குச் சான்றாக ‘வெய்ட்டிங் ரூம்’ ஒன்றே போதும். லாலியின் பேஸ் தனியாகத் தொடங்குகிறது. கிட்டாரும் டிரம்ஸும் வந்து சேர்கின்றன. பாட்டு சூடுபிடிக்கும்போது எல்லாரும் சட்டென்று நிறுத்திவிடுகிறார்கள். சில நொடிகள் முழு மௌனம். பிறகு அதே இடத்திலிருந்து மொத்தக் குழுவும் பாய்கிறது. வேகத்தையே நம்பியிருந்த ஹார்ட்கோர் உலகத்தில், நிறுத்தத்தாலும் கூட்டத்தை எழுப்பலாம் என்று காட்டிய பாட்டு இது. லாலியின் பேஸ் நடையில் ரெகேயின் சாயல் இருக்கிறது. ரெகேயிலும் அதன் கிளையான டப்பிலும் வாசிக்காமல் விடும் இடத்துக்குத்தான் மதிப்பு. அந்தப் பாடத்தை இந்த நால்வரும் பதினைந்து வருஷமும் மறக்கவில்லை.

ஆறு ஆல்பங்களின் நகர்வு

‘ரிப்பீட்டர்’ ஆல்பத்தில் பிச்சோட்டோவும் கிட்டாரை எடுத்துக்கொண்டார். அதிலிருந்து இரண்டு கிட்டார்களும் ஒன்றையொன்று வெட்டியும் ஒட்டியும் போவதே குழுவின் அடையாளமாயிற்று. ஒருவர் தாளத்தைப் பிடிக்க மற்றவர் தனி ஆவர்த்தனம் வாசிக்கும் ராக் இசை வழக்கம் இங்கே இல்லை. 1991-ன் ‘ஸ்டெடி டயட் ஆஃப் நத்திங்’ வறண்ட, இறுக்கமான ஒலி. 1993-ன் ‘இன் ஆன் தி கில் டேக்கர்’ இரைச்சலின் உச்சம். இதை முதலில் சிகாகோவில் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினியிடம் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவில் மனம் நிறையாததால் ஒதுக்கிவைத்துவிட்டு, ஊருக்குத் திரும்பி முழுவதையும் மறுபடி பதிவு செய்தார்கள். ஒதுக்கப்பட்ட பதிவு திருட்டுப் பிரதியாகக் கைமாறிக் கைமாறி ரசிகர்களிடம் போய்ச் சேர்ந்தது. எது மேல் என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

பெரிய திருப்பம் 1995-ன் ‘ரெட் மெடிசின்’. முதல் பாட்டு ‘டூ யூ லைக் மீ’ கரகரக்கும் டேப் இரைச்சலோடு தொடங்குகிறது; ஏதோ பழுது என்று நினைக்கும் நேரத்தில் கிட்டார் உடைத்துக்கொண்டு வருகிறது. ‘வெர்ஷன்’ என்ற பாட்டில் பிச்சோட்டோ கிளாரினெட் வாசிக்கிறார். ‘பை யூ’ பாட்டில் லாலி பாடுகிறார். பழைய ரசிகர்களில் பலர் முகம் சுளித்தது இந்த ஆல்பத்தில்தான். புதியவர்கள் பலர் வந்து சேர்ந்ததும் இதில்தான். 1998-ன் ‘எண்ட் ஹிட்ஸ்’ அந்தச் சோதனைகளை இன்னும் தூரம் கொண்டுபோயிற்று.

2001 அக்டோபரில் வந்த கடைசி ஆல்பம் ‘தி ஆர்கியுமென்ட்’. செல்லோ கேட்கிறது, பெண் குரல்கள் பின்பாட்டாக வருகின்றன, ஜெர்ரி புஷர் இரண்டாவது டிரம்ஸ் வாசிக்கிறார். ‘கேஷவுட்’ என்ற பாட்டு, நகரம் பணக்காரர்களுக்காக மாற்றப்படும்போது வாடகை வீட்டிலிருந்து துரத்தப்படுகிறவர்களைப் பற்றியது. மெக்காய் அதைத் தணிந்த குரலில் தொடங்குகிறார். கோபம் உள்ளேயே கனன்று, முடிவில்தான் குரலாக வெடிக்கிறது. இருபது வயதில் முதல் வரியிலேயே கத்திய மனிதர், நாற்பதை நெருங்கும்போது கத்துவதற்கு உரிய இடம் எது என்று தெரிந்துகொண்டார். ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு, போருக்குச் சொல்லப்படும் நியாயத்தை ஏற்க மறுப்பது. பதிவு முடிந்தது 2001-ன் முற்பகுதியில். அது கடைக்கு வந்தபோது ஆப்கானிஸ்தான் மீது குண்டுவீச்சு தொடங்கி சில நாட்களே ஆகியிருந்தன.

மாறாதது பாட்டின் அக்கறை. ‘சஜெஷன்’ தெருவில் நடக்கும் பெண் மீது விழும் பார்வையைப் பற்றியது. ‘ஸ்மால்பாக்ஸ் சாம்பியன்’ அமெரிக்கப் பழங்குடியினருக்குப் பெரியம்மை பரப்பப்பட்ட கொடுமையைப் பேசுவது. வளைகுடாப் போர் மூளவிருந்த 1991 ஜனவரி 12 அன்று, வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபாயெட் பூங்காவில் குளிரில் நின்று வாசித்தார்கள். 1988-ல் எதைப் பற்றிக் கவலைப்பட்டார்களோ, 2001-லும் அதைப் பற்றியே கவலைப்பட்டார்கள். கவலையைச் சொல்லும் விதம் முதிர்ந்திருந்தது.

கல்லாப்பெட்டியும் கூட்டமும்

அன்றைய ஃபுகாஸி கச்சேரிக்கு நுழைவுக் கட்டணம் ஐந்து டாலர். பிற்காலத்தில் சில ஊர்களில் ஓரிரு டாலர் கூடியிருக்கலாம். அதற்கு மேல் போகவிட மாட்டார்கள். எல்லா வயதினரையும் உள்ளே விட வேண்டும் என்பது நிபந்தனை. மதுக்கடை உரிமத்தைக் காரணம் காட்டிப் பள்ளிப் பிள்ளைகளை வெளியே நிறுத்தும் கிளப்பில் வாசிக்க மாட்டார்கள். அதனால் தேவாலயக் கூடம், உடற்பயிற்சிக் கூடம், சமூக மையம் என்று இடம் தேடி அலைந்தார்கள். டி-ஷர்ட் விற்கவில்லை. ஆறு ஆல்பமும் வந்தது மெக்காய் 1980-ல் நண்பர்களோடு தொடங்கிய டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் வழியாக மட்டும். தபால் செலவு உட்பட விலையை உறையிலேயே அச்சடித்தார்கள். பெரிய கம்பெனிகள் வாசலுக்கு வந்தும் கையெழுத்துப் போடவில்லை.

இதைத் தியாகம் என்று புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு இது தெளிவான கணக்காகவே படுகிறது. செலவைக் குறைத்து வைத்திருந்தார்கள். யாரிடமும் முன்பணம் வாங்கவில்லை. ஆகவே அடுத்த ஆல்பம் முந்தையது போல இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. கிளாரினெட் வேண்டுமா, வேண்டாமா என்பதை நால்வரே முடிவு செய்தார்கள். ஆல்பினியின் பதிவைத் தள்ளிவைக்கவும் எவர் அனுமதியும் தேவைப்படவில்லை. இசையில் அவர்கள் எடுத்த ஒவ்வொரு துணிச்சலுக்கும் அடியில் அந்த ஐந்து டாலர் இருக்கிறது.

கூட்டத்தைக் கையாண்ட விதமும் புதிது. ஹார்ட்கோர் கச்சேரியில் முட்டி மோதி ஆடுவதும், மேடையேறி அடுத்தவர் தலைமேல் குதிப்பதும் அன்று சகஜம். பலசாலிகள் ஆட, சின்னப் பிள்ளைகளும் பெண்களும் சுவரோரம் ஒதுங்க வேண்டியிருந்தது. மெக்காய் பாட்டைப் பாதியில் நிறுத்துவார். முரட்டுத்தனம் செய்தவரைச் சுட்டிக்காட்டி, ‘சார்’ என்று மரியாதையாகவே அழைத்து, நிறுத்தச் சொல்வார். கேட்காவிட்டால் ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். இவர் என்ன ஹெட்மாஸ்டரா என்று சலித்துக்கொண்டவர்கள் அன்று நிறைய. இன்று பாதுகாப்பான கச்சேரிக் கூடம் எது என்ற பேச்சு வரும்போதெல்லாம் முன்னோடியாக இவர்களைத்தான் சொல்கிறார்கள்.

கூட்டத்திலிருந்து மைனர் த்ரெட் பாட்டைப் பாடச் சொல்லிக் கூச்சல் எழும். ஒருநாளும் பாடியதில்லை. எந்தக் கச்சேரிக்கும் பாட்டுப் பட்டியல் எழுதி வைத்ததும் இல்லை. ஒருவர் ஒரு பாட்டின் முதல் சுரத்தைத் தொட்டதும் மற்ற மூவரும் பிடித்துக்கொள்வார்கள். பட்டியல் இல்லாத மேடையில்தான் பாட்டுகள் ஒவ்வொரு இரவும் வேறு வடிவம் எடுத்தன.

கேசட்டிலிருந்து ஆவணக் களஞ்சியம்வரை

1988 ஜனவரியில் பதிவு செய்த மாதிரிக் கேசட்டைக் கச்சேரிகளில் இலவசமாகவே கொடுத்தார்கள். படியெடுத்து நண்பர்களுக்குக் கொடுங்கள் என்றும் சொன்னார்கள். படிக்குப் படி இரைச்சல் ஏறிய அந்தக் கேசட் வழியாகத்தான் பல ஊர்கள் ஃபுகாஸியை முதலில் கேட்டன. 2014-ல் அதே பதிவு ‘ஃபர்ஸ்ட் டெமோ’ என்று முறைப்படி வெளியாயிற்று. கேசட்டில் அமுங்கிப் போயிருந்த பேஸ் இப்போது துல்லியமாகக் கேட்கிறது.

அதைவிடப் பெரிய காரியம் 2011 டிசம்பரில் தொடங்கிய ‘ஃபுகாஸி லைவ் சீரிஸ்’. ஒலிப்பதிவாளர்கள் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த எண்ணூறுக்கும் மேற்பட்ட கச்சேரிப் பதிவுகளைக் கட்டம் கட்டமாக வெளியிட்டார்கள். ஒரு கச்சேரிக்கு அவர்கள் பரிந்துரைத்த விலை, அதே ஐந்து டாலர். ரசிகர்களின் வாதத்தையே இது மாற்றிவிட்டது. முன்பு ஆல்பத்துக்கு ஆல்பம் ஒப்பிட்டார்கள். இன்று ஒரே பாட்டு 1989-ல் எப்படி இருந்தது, 1995-ல் எங்கே வேகம் குறைந்தது, எந்த ஊரில் நடுவே புதுப் பகுதி முளைத்தது என்று தடம் பிடித்துப் போகிறார்கள். ‘ரிப்பீட்டரா, ரெட் மெடிசினா’ என்ற பழைய சண்டைக்கு இதில் ஓர் உண்மையான பதில் உண்டு: மாற்றம் ஆல்பத்துக்கு ஆல்பம் தாவியதல்ல, மேடையில் இரவுக்கு இரவு ஊறியது.

கடைசிக் கச்சேரி 2002 நவம்பரில் லண்டனில் நடந்தது. கலைந்துவிட்டோம் என்று அவர்கள் அறிவிக்கவே இல்லை. காலவரையற்ற இடைவெளி என்றுதான் பெயர். மெக்காயும் லாலியும் டிரம்ஸ் வாசிக்கும் ஏமி ஃபரினாவோடு சேர்ந்து கொரிகி என்ற பெயரில் 2020-ல் ஆல்பம் வெளியிட்டார்கள். லாலியும் கான்டியும் கிட்டார் கலைஞர் ஆந்தனி பிரோக்கோடு த மெஸ்தெடிக்ஸ் என்ற குழுவை நடத்துகிறார்கள். சாக்ஸஃபோன் கலைஞர் ஜேம்ஸ் பிராண்டன் லூயிஸோடு இவர்கள் செய்த ஆல்பத்தை 2024-ல் வெளியிட்ட நிறுவனம் இம்பல்ஸ். ஜான் கோல்ட்ரேனின் ஜாஸ் வந்த அதே நிறுவனம். ‘வெய்ட்டிங் ரூம்’ பாட்டின் பேஸும் டிரம்ஸும் இன்று ஜாஸ் அரங்கில் கேட்கின்றன.

ஊரும் மாறிவிட்டது. பெரும்பாலான ஆல்பங்கள் பதிவான, வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனின் இன்னர் இயர் ஸ்டுடியோ, கட்டடத்தைக் கவுண்டி நிர்வாகம் வாங்கியதால் 2021-ல் காலி செய்யப்பட்டது. ‘கேஷவுட்’ பாடப்பட்ட ஸ்டுடியோவுக்கே அந்தப் பாட்டின் கதை நேர்ந்தது.

மீண்டும் சேர்வார்களா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சேர வேண்டியதில்லை என்பது என் கருத்து. பழைய பாட்டை அதிக விலைக்கு விற்க மறுத்த குழுவுக்கு அதுதான் அழகு. புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் 1988-ன் ‘வெய்ட்டிங் ரூம்’, 2001-ன் ‘ஆர்கியுமென்ட்’ இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பிறகு ஏதாவது ஒரு கச்சேரிப் பதிவை முழுதாகக் கேளுங்கள். சொந்தமாகக் குழு தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்கு ஒன்று மட்டும்: அவர்களின் கிட்டார் ஒலியை நகலெடுப்பதற்கு முன் அவர்களின் வரவு செலவைப் படியுங்கள். யாருக்கும் கடன்படாமல் இருந்தால்தான் உங்கள் இசை எப்போது மாற வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்க முடியும்.