மே மாசத்தைக் கேட்டுட்டு செடி வாங்குங்க: வாசலுக்கு ஒரு குட்டைப் பச்சை வேலி

இன்னைக்கு கோடிங் இல்ல, வேலை தேடுறதும் இல்ல. வேலிச்செடி. சிரிக்காதீங்க, இதுல நான் வாங்கின அடி பெருசு.

மூணு வருஷத்துக்கு முன்னாடி தீபாவளி லீவுக்கு பெங்களூர்ல இருந்து திண்டுக்கல் வந்திருந்தேன். வீட்டு வாசல்ல ரெண்டடி உயரத்துக்கு எப்பவும் பச்சையா ஒரு வேலி வைக்கணும்னு ஆசை. ஒரு நர்சரிக்குப் போனேன். தங்க நிறத்துல பளபளன்னு டுராண்டா, கூட இட்லிப்பூ, மொத்தம் நாப்பது செடி. நட்டேன், போட்டோ எடுத்தேன், ஸ்டேட்டஸ் வச்சேன், பஸ் ஏறிட்டேன்.

மே மாசம் அம்மா போன் பண்ணாங்க. "தம்பி, உன் செடிக்குக் குடம் தூக்கித் தூக்கி இடுப்பே போச்சுடா." குடிக்கிற தண்ணியையே லாரிக்காரர்கிட்ட காசு கொடுத்து வாங்குற மாசம் அது. அப்படியும் பாதிச் செடி கருகிப்போச்சு. ஆர்டர் போட்டது நான், சப்போர்ட் பார்த்தது அம்மா. இன்னைக்கு எபிசோடே அந்தக் குற்ற உணர்ச்சியில இருந்து வந்ததுதான்.

"எப்பவும் பச்சை"ன்னா நம்ம ஊர்ல என்ன அர்த்தம்?

குளிர் நாடுகள்ல எவர்கிரீன்னா பனிக்காலத்துலயும் இலை கொட்டாத செடி. நமக்குப் பனி கிடையாது, நம்ம சோதனை ஏப்ரல், மே. திண்டுக்கல் சமவெளிக்கு மழையில பெரும்பங்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும்தான். நாம நர்சரிக்குப் போறதும் அந்த மாசங்கள்லதான், அப்போ எல்லாச் செடியும் அழகாத்தான் இருக்கும். அதனால கேட்க வேண்டியது "இது அழகா இருக்கா?" இல்ல. "இது மே மாசம் எப்படி இருக்கும், அப்போ தண்ணி ஊத்தப் போறது யாரு?"

ரெண்டாவது விஷயம், போர் தண்ணி. திண்டுக்கல்லைச் சுற்றி தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவால நிலத்தடி நீர் உப்பாகிப்போன பகுதிகள் இருக்கு. இட்லிப்பூவுக்கு, அதாவது வெட்சிக்கு, கொஞ்சம் புளிப்புத்தன்மை உள்ள மண்ணுதான் பிடிக்கும். கார மண்ணுல, கடினமான தண்ணியில, மண்ணுல இரும்புச்சத்து இருந்தாலும் வேரால அதை எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையா இருக்கும், மீதி இலை மஞ்சளாயிடும். எங்க வீட்டுல நடந்தது அச்சு அசல் இதேதான்.

மூணாவது, ஆடு. தெருவுல ஆடு சுத்துற ஊர்ல வேலி வைக்கிறதுன்னா, ஆடு வேண்டாம்னு சொல்ற செடிதான் வேணும்.

அப்போ எது வைக்கலாம்?

என் முதல் சாய்ஸ் சங்கங்குப்பி. நர்சரியில கிளீரோடெண்ட்ரம்னு கேட்டா புரியும். பூங்காக்கள்ல யானை, மயில் உருவத்துல வெட்டி வச்சிருப்பாங்களே, அதுக்கெல்லாம் நிறைய பயன்படுற செடி. இயல்பா கடற்கரையோரம் வளர்றதால உப்பைத் தாங்கும். இலை கசப்பு, அதனால ஆடு மாடு பெருசா சீண்டாது. குச்சி வெட்டி நட்டாலே வேர் பிடிச்சிடும், செலவும் கம்மி. குறை என்னன்னா, விட்டா ஆளுயரம் தாண்டிப் படரும். மழைக்காலத்துல மாசம் ஒரு தடவையாவது கத்தரி எடுக்கணும்.

தண்ணி ரொம்பவே கஷ்டம்னா விராலி. நம்ம வறண்ட கரடுகள்ல யாரும் ஊத்தாமலே வளர்ற செடி. நர்சரியில கிடைக்கிறதுதான் சிரமம். அடுத்தது மருதாணி. கடும் வறட்சியில இலையைக் கொட்டும், ஆனா சாகாது. ஒரு மழை பெஞ்சா திரும்பத் துளிர்க்கும். கைக்கும் ஆச்சு, வேலிக்கும் ஆச்சு. முத்தின கிளையில முள் இருக்கும், அது மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

அரளி வேண்டாமான்னு கேப்பீங்க. நாலு வழிச்சாலை நடுவுல வரிசையா பார்க்கிறோம், வெயிலைத் தாங்கும், மாடு தின்னாது. எல்லாம் உண்மைதான். ஆனா வேர்ல இருந்து பூ வரைக்கும் இதயத்தைத் தாக்குற விஷம். கேரளாவுல திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024 மே மாசம் நைவேத்தியத்துலயும் பிரசாதத்துலயும் அரளியைப் பயன்படுத்துறதை நிறுத்தினதே இந்தப் பயத்துலதான். சின்னக் குழந்தைங்க விளையாடுற வாசலுக்கு நான் வைக்கமாட்டேன். டுராண்டாவோட மஞ்சள் காயும் விஷம்தான்.

இன்னொண்ணு, "சார், ஆறே மாசத்துல அடர்த்தியாயிடும்"னு கோனோகார்பஸைக் காட்டுவாங்க. அது புதர் இல்ல, வெட்டி வெட்டிப் புதர் மாதிரி வச்சிருக்கிற மரம். வேர் குழாய்களைப் பாழாக்குது, மகரந்தம் ஒவ்வாமை தருதுன்னு சொல்லி 2023-ல குஜராத் அரசு அதை நடத் தடை போட்டது. 2025-ல தமிழ்நாடு அரசும் தடை போட்டிருக்கு. உண்ணிச்செடியும் 19-ம் நூற்றாண்டுத் தொடக்கத்துல அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்ததுதான். இன்னைக்கு முதுமலைக் காட்டுல அதை வேரோட பிடுங்கப் போராடிட்டு இருக்காங்க.

நடுறது, வெட்டுறது

புரட்டாசி கடைசியில, இல்லன்னா ஐப்பசியில நடுங்க. மழையே வேரை உள்ள இறக்கிடும். ஒரு அடிக்கு ஒரு செடி, இருபதடி வாசலுக்கு இருபது குச்சி போதும். நாலஞ்சு சேர்த்து வைங்க, சிலது பட்டுப்போகும்.

வேர் பிடிச்சதும் நுனியை வெட்டிடுங்க. மனசு வராது, ஆனா வெட்டணும். நுனி மொட்டு ஆக்சின்னு ஒரு ஹார்மோனைக் கீழே அனுப்பி, பக்க மொட்டுகளை வளரவிடாம அடக்கி வைக்கும். நுனி போனா பக்கக் கிளைங்க கிளம்பும், அடர்த்தி அப்படித்தான் வரும். வெட்டும்போது மேல்பக்கம் குறுகலா, அடிப்பக்கம் அகலமா இருக்கணும். தலைகீழா வெட்டினா அடி இலைக்கு வெளிச்சம் கிடைக்காம கால் பக்கம் மொட்டையாயிடும். வேரடியில காய்ஞ்ச சருகைக் கனமாப் பரப்பி விடுங்க, ஈரம் நிக்கும்.

அடுத்த ஐப்பசியில நான் சங்கங்குப்பி நட்டேன். இந்தத் தடவை முதல்ல அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான். ரெண்டு மே தாண்டிருச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை, அரிசி கழுவின தண்ணியும் காய்கறி அலசின தண்ணியும்தான் ஊத்துறாங்க. போன வாரம் போன்ல செடியைப் பத்தி அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசல. எனக்கு அதுதான் பெரிய ரிவியூ.

உங்க வாசல்ல எந்தச் செடி மே மாசத்தைத் தாங்குச்சு? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.