பெட்டியில் உறங்கும் முகங்கள்

பச்சைமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள அரும்பாவூர், மரச் சிற்பங்களால் பெயர் பெற்ற ஊர். வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில், உளியும் கொட்டாப்புளியும் கொண்டு உருவங்களைச் செதுக்கும் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. 2020-ஆம் ஆண்டில் இச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயர் சட்டப்படி காக்கப்பட்டுவிட்டது; மகிழ்ச்சியே. ஆனால் உளியைப் பிடித்தவர்களின் பெயர்கள்?

செதுக்கிய உருவத்தில் தம் பெயரைப் பொறிக்கும் வழக்கம் நம் சிற்பிகளிடம் பெரும்பாலும் இல்லை. ஆகவே, இன்னார் இந்த வேலையைச் செய்தார் என்பதற்கு எஞ்சும் சான்று, வீட்டுச் சுவரிலோ டிரங்குப் பெட்டியிலோ கிடக்கும் ஓரிரு பழைய புகைப்படங்களே.

நம் பகுதிக்குப் புகைப்படக் கருவி புதியதன்று. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக் கலைஞராக விளங்கிய லின்னேயஸ் டிரைப் என்னும் கும்பினிப் படை அதிகாரி எடுத்த திருச்சி, தஞ்சை, மதுரைப் படங்கள் 1858-ஆம் ஆண்டிலேயே வெளியாயின. கோபுரங்களும் கோட்டைகளும் அவற்றில் கம்பீரமாக நிற்கின்றன. அவற்றைக் கட்டியும் காத்தும் வாழ்ந்த மக்களின் முகங்களோ அரிது. பின்னர் நகரங்களில் ஸ்டூடியோக்கள் தோன்றின. எளிய குடும்பங்களும் காசு சேர்த்துச் சென்று படம் எடுத்துக்கொண்டன. 1880 முதல் 1980 வரையிலான இத்தகைய தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் தேடித் திரட்டிப் பாதுகாத்து வருகின்றது.

கடல் கடந்த ஒரு மலைநாட்டையும் இங்கே எண்ணிப் பார்ப்போம். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள அப்பலாச்சியா, நிலக்கரிச் சுரங்கமும் சிறு வேளாண்மையும் கைத்தொழிலும் கொண்டு பிழைத்த மக்களின் நாடு. டோரிஸ் உல்மன் என்னும் பெண்மணி, 1934-இல் தாம் இறக்கும்வரை, அங்கிருந்த மரச் சிற்பிகளையும் நாற்காலி செய்வோரையும் நெசவாளரையும் படம் பிடித்தார். 1937-இல் அம்மலைநாட்டுக் கைத்தொழில்கள் பற்றி வெளியான நூலில் அப்படங்கள் இடம் பெற்றன. 1946-இல் நிலக்கரித் தொழிலாளரின் உடல்நலத்தையும் குடியிருப்பையும் ஆராய அமெரிக்க அரசு முற்பட்டபோது, ரஸ்ஸல் லீ என்பவர் அப்பணிக்காகப் படம் எடுத்தார். சுரங்கத்திலிருந்து கரி படிந்த முகத்தோடு வெளிவரும் தந்தை, துணி துவைக்கும் தாய், சிற்றாலயத்தில் வழிபடுவோர் ஆகிய அனைவரும் அவற்றில் உள்ளனர். நாம் கருத்தில் கொள்ள வேண்டியது வேறொன்று: பல படங்களின் கீழே தொழிலாளியின் பெயர், சுரங்கம், ஊர் ஆகியன எழுதப்பட்டுள்ளன. அதனாலேயே இன்று ஒரு பேரன் ஆவணக் காப்பகத்தில் தன் பாட்டனைக் கண்டுகொள்ள இயலுகின்றது.

நம் பங்குகளின் நிலை என்ன? பழைய திருவிழாப் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நடு நாற்காலியில் அமர்ந்திருக்கும் குருவானவரின் பெயர் தெரியும். அருகில் நிற்கும் உபதேசியாரையும் சிலர் அறிவர். தேரைச் செய்த தச்சர் யார்? கோவிலுக்குக் கல் சுமந்த பெண்கள் யார்? ஊரில் ஒரு பாட்டியார் மட்டும் அவர்களை முறை சொல்லி அழைப்பார். அவர் கண் மூடும் நாளில், படத்தில் உள்ளோர் அனைவரும் அந்நியர் ஆவர்.

வீரமாமுனிவர் பணியாற்றிய ஏலாக்குறிச்சி நம் அண்டையிலேயே உள்ளது. அவர் 1747-இல் மறைந்தார். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839-இல். அவரோடு உழைத்த எளிய கிறிஸ்தவர்களின் முகங்கள் நமக்குக் கிட்டாததற்கு அக்காலத்தைக் குறை கூற இயலாது. நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

ஆண்டவரின் உடன்படிக்கைக் கூடாரத்துக்கு மரம் செதுக்கியவரின் பெயர் பெட்சலேல் என்று விடுதலைப் பயண நூல் தெளிவாகக் குறித்து வைத்துள்ளது. தந்தையின் பெயரும் குலமும்கூட அங்கே உண்டு. கைவினைஞரின் பெயரைத் திருமறை மறக்கவில்லை, நாம் மறக்கலாமா?

வேலை கடினமானதன்று. பெட்டியைத் திறந்து, படங்களை வீட்டுப் பெரியவர் முன் வையுங்கள். அவர் கூறும் பெயர், உறவு, தொழில், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டு நினைவில்லையெனில், "தேர் புதிதாகச் செய்த வருடம்" என்பதுபோல் அவர் சொல்லும் குறிப்பையே எழுதுங்கள். நம் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளோடு ஒத்துப் பார்த்து ஆண்டைக் கண்டறியலாம். பதிவேட்டில் பெயர் இருக்கின்றது, முகம் இல்லை. பெட்டியில் முகம் இருக்கின்றது, பெயர் இல்லை. இரண்டையும் சேர்ப்பதே நம் கடமை.

படத்தின் பின்புறம் மை வேண்டாம். அது ஊறி முகத்தைக் கெடுக்கும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள், அல்லது காகித உறையில் இட்டு உறைமேல் எழுதுங்கள். செலோடேப், பசைத்தாள் ஆல்பம், ஈரச் சுவர் ஆகிய மூன்றும் படத்துக்குப் பகை. கைப்பேசியில் பிரதி எடுத்தபின் அசலை எறிந்துவிடாதீர்கள்.

நவம்பர் மாதத்தில் மரித்த நம் உறவினர்களின் பெயர்களைத் தாளில் எழுதித் திருப்பலிக்குக் கொடுக்கின்றோம். அத்தாளை எழுதும் மாலையிலேயே அந்தப் பெட்டியையும் திறப்போம். பெரியவர் அருகில் இருக்கும்போதே திறப்போம்.