வெள்ளி கலந்த தாவர உறை: பயனும் பாதுகாப்பும்

2017-இல் தொடங்கி அடுத்த ஆண்டு வரை தென்னாப்பிரிக்காவை உலுக்கியது லிஸ்டீரியா என்ற பாக்டீரியா. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள்; 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பச்சிளம் குழந்தைகள் பலர். சமைக்காமல் அப்படியே சாப்பிடும் ‘போலனி’ என்ற பதப்படுத்திய இறைச்சிதான் காரணம் என்று பின்னர் தெரியவந்தது. ஃபிரிட்ஜ் குளிரிலும் லிஸ்டீரியா பெருகும்.

வெந்த உணவில் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும் இத்தகைய கிருமிகளை, உணவைச் சுற்றியிருக்கும் உறையே தடுக்க முடியுமா? அந்த உறை பிளாஸ்டிக் குப்பையாகாமலும் இருக்குமா? இரண்டுக்கும் சேர்த்து ஆய்வுக்கூடங்கள் முன்வைக்கும் விடை, வெள்ளி நானோ துகள்கள் கலந்த தாவரப் படலம்.

மரவள்ளி மாவிலிருந்து ஒரு தாள்

மரவள்ளி அல்லது மக்காச்சோள மாவுச்சத்தைத் தண்ணீரில் கரைத்துச் சூடாக்கினால் கெட்டியான கூழாகும். அதில் கொஞ்சம் கிளிசரின் சேர்ப்பார்கள். இல்லையென்றால் காய்ந்ததும் அப்பளம் போல நொறுங்கிவிடும். கூழைத் தட்டில் மெல்லியதாக ஊற்றி உலர்த்தினால், உரித்தெடுக்கும் பதத்தில் ஒரு தாள் கிடைக்கும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார், கராஜீனன் போன்றவற்றிலும் இதைச் செய்யலாம். சேலம், நாமக்கல் வட்டார ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளியும், ராமநாதபுரம் கடலோரத்தில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் பாசியும் இதற்கு ஏற்ற மூலப்பொருள்களே.

வெள்ளித் துகளுக்கும் இலைச்சாறு போதும். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழுவினர் வேப்பிலைச் சாற்றைக் கொண்டே வெள்ளி நானோ துகள்களை உருவாக்கி, 2004-இல் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். வெள்ளி நைட்ரேட் கரைசலில் சாற்றைக் கலந்ததும் நிறம் மஞ்சளாகி, பிறகு பழுப்பேறும். துகள் உருவாகிவிட்டது என்பதற்கு அந்த நிறமே அடையாளம். துகளின் அளவு 1 முதல் 100 நானோமீட்டர் வரை. மனிதத் தலைமுடியின் தடிமனோ ஏறக்குறைய 80,000 நானோமீட்டர்.

கிருமியை வெள்ளி எப்படித் தாக்குகிறது?

ஈரம் பட்டதும் துகளிலிருந்து வெள்ளி அயனிகள் கசியும். அவை பாக்டீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகப் பகுதிகளைப் பற்றிக்கொண்டு, செல் சவ்வைச் சிதைத்து, அதன் சுவாசத்தை முடக்குகின்றன. துகள் சிறிதாக இருந்தால் அதே எடைக்குப் பரப்பு அதிகம், கசிவும் அதிகம்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஈ.கோலை பாக்டீரியா பரப்பிய அகார் தட்டில் படலத்தின் சிறு துண்டை வைத்து, 37 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு விடுவார்கள். காலையில் தட்டு முழுவதும் வெண்மையாகக் கிருமி படர்ந்திருக்கும். துண்டைச் சுற்றி மட்டும் தெளிவான ஒரு வளையம் தெரியும்.

வளையத்துக்குப் பின்னால் ஒரு கேள்வி

துண்டைத் தாண்டியும் கிருமி வளரவில்லை என்றால், வெள்ளி படலத்தை விட்டு வெளியே வந்திருக்கிறது என்று பொருள். அப்படி வெளியேறும் வெள்ளி உணவுக்குள்ளும் இறங்கும்.

எவ்வளவு இறங்கலாம்? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு, ஒரு கிலோ உணவுக்கு 0.05 மில்லிகிராம் வெள்ளி. பிளாஸ்டிக்கில் 0.025 சதவீதம் வரை வெள்ளி நானோ துகள் சேர்ப்பதை அந்த ஆணையம் 2021-இல் ஆராய்ந்து, கவலைக்கு இடமில்லை என்றது. ஆனால் அந்த முடிவு, தண்ணீரில் ஊறி உப்பாத பிளாஸ்டிக் வகைகளுக்கு மட்டுமே. மாவுச்சத்துப் படலம் ஈரத்தை உறிஞ்சி உப்பும் தன்மை கொண்டது. எனவே பிளாஸ்டிக்குக்குக் கிடைத்த நற்சான்று தாவரப் படலத்துக்குத் தானாகப் பொருந்தாது. அதைத் தனியே சோதித்தாக வேண்டும்.

வெள்ளியை நீண்டகாலம் அதிக அளவில் உட்கொள்பவர்களுக்குத் தோல் நீலச்சாம்பல் நிறமாகும் ‘ஆர்ஜைரியா’ வருவதுண்டு. அந்த நிறம் எளிதில் மறைவதில்லை. உறையிலிருந்து கசியும் அளவு அதைவிட மிகக் குறைவாக இருக்கலாம். ஆனாலும் அளந்து பார்த்த பிறகே அப்படிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நானோ வெள்ளி கலந்த உணவு டப்பாக்கள் கிருமியைத் தடுக்கும் என்ற விளம்பரத்தோடு விற்பனைக்கு வந்தன. உரிய பதிவும் சோதனையும் இல்லாததால், 2014-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த விற்பனையை நிறுத்தியது.

பழகிக்கொள்ளும் கிருமிகள்

வெள்ளிக்கும் கிருமிகள் ஈடுகொடுக்கக் கற்றுக்கொள்ளும். தீக்காயங்களுக்கு வெள்ளி நைட்ரேட் பூசிவந்த பாஸ்டன் மருத்துவமனையொன்றில், வெள்ளிக்கு அஞ்சாத சால்மோனெல்லா பரவியதாக 1975-இல் பதிவாகியிருக்கிறது. அதே கிருமி சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கும் மசியவில்லை. தீக்காய சிகிச்சையில் இன்றும் தேவைப்படும் வெள்ளியைப் பிஸ்கட் உறை வரை வாரியிறைப்பது சரியல்ல. சீக்கிரம் கெடும் இறைச்சி, மீன், பாலாடைக்கட்டி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே பொறுப்பான வழி.

வாங்குவோர் கவனத்துக்கு

இந்தப் படலம் தான் தொடும் மேற்பரப்பில்தான் வேலை செய்யும். உணவின் உள்ளே புகுந்துவிட்ட கிருமியையோ, ஏற்கெனவே ஊறிய நச்சையோ நீக்காது. ஆகவே ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்குள் இருக்கட்டும். மீந்த உணவை ஆவி பறக்கச் சூடாக்கிய பின்பே சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள் குளிரூட்டிய ரெடிமேட் இறைச்சியை அப்படியே உண்ண வேண்டாம்.

உணவில் இறங்கும் பொருள்களுக்கு இந்தியாவின் 2018-ஆம் ஆண்டு உணவு உறை விதிகள் வரம்பு வகுத்துள்ளன. ‘நானோ சில்வர்’, ‘இயற்கை உறை’ என்று அச்சிட்டு விற்பவர்கள், தங்கள் உறையிலிருந்து உணவில் எவ்வளவு வெள்ளி இறங்குகிறது என்ற சோதனை முடிவையும் வெளியிட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.