தொடுதிரையும் தமிழ் எழுத்தும்: மாளிகாவத்தையை முன்வைத்து ஒரு நோக்கு

ஒரு கருவி வசதியானதா என்ற வினாவை, யாருக்கு வசதியானது என்ற வினாவிலிருந்து பிரித்தல் இயலாது. தொடுதிரைக் கைத்தொலைபேசிகளை ஒப்பிட்டு எழுதுவோர் பெரும்பாலும் திரையின் தெளிவு, வேகம், படம்பிடிக்கும் ஆற்றல் என்பவற்றோடு அமைந்துவிடுகின்றனர். ஐபோனா அன்ட்ரொயிட்டா என்ற விவாதமும் இவ்வெல்லைக்குள்ளேயே சுழல்கிறது. ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவருக்கு அவ்வொப்பீடு போதுமானதாகலாம். கொழும்பு 10இல், மாளிகாவத்தையின் தொடர்மாடிகளில் வாழ்பவருக்கு அது போதாது. தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் பெருமளவில் வாழும் இப்பகுதியில் சிங்களவரும் மலாயரும் தமிழரும் அயலவராயுள்ளனர். வீட்டிலே தமிழ், கடைத்தெருவிலே சிங்களம், கைத்தொலைபேசியிலே ஆங்கில எழுத்து என்பது இங்குப் பலரது அன்றாட நிலை. பேசுவது தமிழாயினும் விரல் தட்டுவது உரோமன் எழுத்தையே. இதன் காரணத்தையே நாம் இங்கு ஆராய விழைகிறோம்.

தமிழில் எழுத்துக்கள் மிகுதி, ஆதலால் தட்டுவது சிரமம் என்பது வழமையான விடை. எண்ணிப் பார்க்குமிடத்து இவ்விடை நிலைபெறாது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி உருவாகித் தமிழ்நாட்டரசால் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில், 247 எழுத்துக்களும் 31 விசைகளிலிருந்தே பிறக்கின்றன. உயிருக்குப் 12, அகரமேறிய மெய்க்கு 18, ஆய்தத்திற்கு 1. ஒரே மெய் அடுத்தடுத்துத் தட்டப்படின் முன்னதிற்குப் புள்ளி தானே விழும். 'மாளிகாவத்தை' என எழுத ம, ஆ, ள, இ, க, ஆ, வ, த, த, ஐ எனப் பத்துத் தட்டல்கள் போதும். இதே ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் வழமையாக எழுதும் முறையில் பதினொரு எழுத்துக்கள் வேண்டும். ஒலிபெயர்ப்பு முறையான அஞ்சல் விசைப்பலகையில் ஆங்கில எழுத்துக்களால் தட்டித் தமிழாக்குவோர் பதினாறு எழுத்துக்களையும், ளகரத்திற்காக மேலடுக்கு விசையையும் தட்ட வேண்டும். மூன்று வழிகளுள் மிகச் சுருக்கமானது நேரே தமிழில் எழுதும் வழியே.

அவ்வாறாயின் உரோமன் வழக்கம் எங்கிருந்து வந்தது? அது தொடுதிரைக்கு முந்திய காலத்தின் எச்சம் என்பதே எமது கருத்து. குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 எண்மங்கள். ஆங்கில எழுத்தானால் அதில் 160 குறிகள் அடங்கும். யுனிகோட் முறையில் அமைந்த தமிழானால் 70 மட்டுமே. துணைக்காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். ஆகவே சற்று நீண்ட தமிழ்ச் செய்தி இரண்டு, மூன்று செய்திகளுக்கான கட்டணத்தைக் கோரியது. 'றீலோட்' பணத்தை எண்ணிச் செலவிட்டவர் எந்த எழுத்தைத் தெரிந்திருப்பார் என்பதற்கு மொழிப்பற்றை விசாரிக்க வேண்டியதில்லை. பெற்றவரின் கருவி தமிழைக் காட்டுமா என்ற ஐயமும் உடனிருந்தது. மலேசியரான முத்து நெடுமாறனின் செல்லினம் 2005இலேயே கைத்தொலைபேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழி திறந்தது உண்மையே. எனினும் தொடக்ககால அன்ட்ரொயிட் கருவிகள் பலவற்றில் தமிழ் வெற்றுச் சதுரங்களாகவே தோன்றியது. ஐபோனில் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளும் உள்ளிணைந்து வந்தது 2013இலேயே. அதற்குள் ஒரு தலைமுறையின் விரல்கள் வேறு வழியிற் பழகிவிட்டன. தடை நீங்கியது, பழக்கம் நீங்கவில்லை.

தமிழ்த் தட்டச்சுப்பொறியின் முன்னோடி, யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா. இரும்புப் பொறியின் விசைகளுள் தமிழை அடக்குவதே அவர் எதிர்கொண்ட சிக்கல். தொடுதிரையில் விசைக்கு உடல் இல்லை. வேண்டியபோது தோன்றி, வேண்டாதபோது மறையக்கூடியது அது. எனவே எண்ணிக்கைச் சிக்கல் தீர்ந்தது எனலாம். ஆனால் அகலச் சிக்கல் எஞ்சியுள்ளது. சுமார் 66 மில்லிமீற்றர் அகலமான திரையில் ஆங்கில மேல்வரிசையின் 10 விசைகள் ஒவ்வொன்றும் 6.6 மில்லிமீற்றர் பெறும். தமிழ்99இன் மேல்வரிசையை மேசைக் கணினியில் உள்ளவாறே இட்டால் 12 விசைகள், ஒவ்வொன்றும் 5.5 மில்லிமீற்றர். தொடும் இலக்கு ஏறத்தாழ 9 மில்லிமீற்றராவது இருத்தல் நன்று என்பது அன்ட்ரொயிட்டின் வழிகாட்டல். இலக்குச் சிறுத்தாலும் தூரம் கூடினாலும் சென்றடையும் நேரம் கூடும் என்று 1954இல் போல் ஃபிற்ஸ் காட்டிய விதி இங்கும் பொருந்தும். உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு என்ற தமிழ்99இன் பகுப்பு இரு பெருவிரல்களாலும் தட்டுபவருக்கு மிக இசைவானது. பஸ்ஸில் ஒரு கையாற் கம்பியைப் பிடித்து நிற்பவருக்கோ, அதே பகுப்பு பெருவிரலைத் திரையின் இருபுறமும் அலைக்கழிக்கிறது.

எழுத்துக்கு அப்பாலும் ஒரு சிக்கலுண்டு. 2017இல் ஐபோன் எக்ஸ் முகப்புப் பொத்தானை நீக்கியது. 2019இன் அன்ட்ரொயிட் 10 திரையோரத்திலிருந்து விரலை இழுத்துப் பின்செல்லும் முறையைக் கொணர்ந்தது. கண்ணுக்குத் தெரிந்த பொத்தான் போய், நினைவில் வைக்கவேண்டிய சைகை வந்தது. இத்தகைய சைகைகள் பயன்படுதன்மையிற் பின்னடைவு என டொனால்ட் நோமனும் யாக்கொப் நீல்சனும் 2010இலேயே எச்சரித்தனர். பொத்தானின் படத்தை எழுத்தறியாதவரும் அடையாளம் காண்பர். காணப்படாத சைகையை ஒருவர் சொல்லித் தந்தாலன்றி அறியமுடியாது. புதிய கருவி வாங்கிய மூதாட்டி பேரனையே நம்பியிருக்க வேண்டியதாகிறது.

பிறரை நம்பியிருத்தல் சிறு விடயமன்று என்பதை 2022 யூலையில் அறிமுகமான தேசிய எரிபொருள் அனுமதி முறை உணர்த்தியது. அடையாள அட்டை இலக்கம், வாகனத்தின் செசி இலக்கம் முதலியவற்றைப் பதிந்து கியூஆர் குறியீட்டைப் பெற்ற பின்னரே முச்சக்கரவண்டிக்குப் பெற்றோல் கிடைத்தது. குறியீட்டைத் திரையிற் காட்டுதல் எளிது, தாளில் அச்சிட்டும் காட்டலாம். படிவத்தை நிரப்புதலே கடினம். அதற்கெனக் கொமியுனிகேஷன் கடையையோ வீட்டுப் பிள்ளையையோ நாடவேண்டியிருந்தவருக்கு, தொடுதிரை இயலாமை பிழைப்பையே தொட்ட ஒன்று. 2023 செப்டெம்பரில் அம்முறை நீங்கிற்று. படிவங்கள் நீங்கவில்லை.

இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றினால் என்ன என்று கேட்கலாம். மாற்றலாம். ஆயின் அங்கு வரும் தமிழ் பெரிதும் தமிழ்நாட்டு வழக்கையே தழுவியது. எம்மவர் 'பற்றரி' என்பதைத் திரை 'பேட்டரி' என்கிறது. இதனை எவரும் புரிந்துகொள்வர், ஆயினும் சொல்லுக்குச் சொல் இவ்வேற்றுமை சேரும்போது, இது தமக்காக எழுதப்பட்டதன்று என்ற உணர்வு தோன்றி மீண்டும் ஆங்கிலத்திற்கே மாற்றிவிடுகின்றனர். வட்ஸ்அப் 2013இல் தந்த குரற்செய்தி இத்தொல்லைகள் யாவற்றையும் ஒரே பாய்ச்சலிற் கடந்துவிட்டது. உம்மாவுக்கும் நானாவுக்கும் பேசியே அனுப்பலாம். ஆனால் குரற்செய்தியைத் தேடியெடுப்பதும், நூறு பேர் கொண்ட குழுவில் ஒரே பார்வையில் அறிந்துகொள்வதும் அரிது.

அத்தகைய குழுக்களில் எழுத்திலேயே வரவேண்டிய செய்தி ஜனாஸா அறிவித்தல். பெயர், வீட்டு முகவரி, நல்லடக்க நேரம், மாளிகாவத்தை மையவாடி என்பன பிழையின்றி வாசிக்கப்பட வேண்டும். இங்கேதான் நாம் முன்னர் பாராட்டிய தமிழ்99 சறுக்குகிறது. ஸ, ஷ, ஜ, ஹ ஆகியன அதன் மேலடுக்கில் உள்ளன. 'ஜனாஸா' என்பதற்கு ஐந்து விசைகளோடு மேலடுக்கு விசையை இருமுறை தொடவேண்டும், ஆக ஏழு. உரோமன் எழுத்தில் ஆறு. கிரந்த எழுத்துக்கள் விருந்தாளிகள் என்ற கருத்தே இவ்வமைப்பின் அடியில் உள்ளது. முஹம்மதும் ஹாஜராவும் ஸலீமும் வாழும் தெருவில் அவை வீட்டுக்காரர்கள். தமிழ்99இல் முதலடுக்கின் ஒரு விசையை ஔகாரம் முழுதாகப் பிடித்திருக்கிறது. மாளிகாவத்தையின் ஹகரம் மேலடுக்கிற் காத்து நிற்கிறது.