தளர்ந்த கியர் லீவரும் பத்தாம் நம்பர் ஸ்பானரும்

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் பெரியோர் வாக்கு. அதன் பொருளைச் சென்ற மழைக்காலத்தில் பம்பாய் நகரின் நடுத்தெருவில் நின்று நான் உணர நேர்ந்தது.

மகளைப் பரீட்சைக்காகச் செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு மோட்டார் சைக்கிளில் அழைத்துச் சென்றுகொண்டிருந்தேன். சயான் சந்திப்பில் பச்சை விளக்கு எரிந்தது. முதல் கியரில் புறப்பட்டு, இரண்டாவதற்கு மாற்றக் காலை உயர்த்தினேன். லீவர் எழுந்தது, கியர் விழவில்லை. எஞ்சின் ஓலமிட்டதே தவிர, வண்டிக்கு வேகம் இல்லை. பின்னால் வந்த லாரி பிரேக் போட்டு நின்றபோது அதற்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிகூட இல்லை.

இதில் வெட்கப்படத்தக்க விஷயம் ஒன்று உண்டு. லீவர் ஆடுகிறது என்பதை இரண்டு வாரங்களாகவே நான் அறிவேன். "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போட்டு வந்தேன். நம்மில் பலருடைய வீடுகளில் ஒரே வண்டிதான். குடும்பம் முழுவதும் அதை நம்பியிருக்கிறது. ஆகவே நான் கற்ற பாடத்தை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வது கடமை எனக் கருதுகிறேன்.

முதலில், கியர் எவ்வாறு மாறுகிறது என்று பார்ப்போம். லீவரை நாம் அசைத்தால் கியர்ப் பெட்டியிலிருந்து வெளியே நீண்டிருக்கும் ஒரு தண்டு திரும்புகிறது. அது உள்ளே இருக்கும் உருளையைச் சிறிது சுழற்றுகிறது. உருளையின் மேல் வெட்டப்பட்ட பள்ளங்களின் வழியே கவைகள் நகர்ந்து, பற்சக்கரங்களைத் தள்ளி ஒன்றோடொன்று கோக்கின்றன. லீவர் தளர்ந்திருந்தால் காலின் அசைவில் ஒரு பகுதி வழியிலேயே வீணாகிவிடும். உருளை முழுவதும் திரும்பாது. முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் நடுவில் நியூட்ரல் இருப்பதால், அரைகுறையாக மாறிய வண்டி அங்கே தங்கிவிடுகிறது. எனக்கு நேர்ந்தது இதுவே. சில சமயம் கோப்புகளின் நுனி மட்டும் பற்றிக்கொள்ளும். பாரம் ஏறியதும் நழுவும். நழுவும் ஒவ்வொரு முறையும் அவற்றின் முனை மழுங்கும். முடிவில் பெட்டியையே பிரிக்க வேண்டியதாகும். சில ரூபாய் வேலை பல ஆயிரமாகும் விதம் இது.

அமைப்பு வண்டிக்கு வண்டி வேறுபடும். திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய புல்லட்களில் கியர் லீவர் வலப்புறம் இருந்தது. மைசூரில் தயாரான ஜாவாவிலோ கிக்கரே கியர் லீவராகவும் பயன்பட்டது. இன்றைய வண்டிகளில் லீவர் இடப்புறம் உள்ளது. சிலவற்றில் அது தண்டின் மீதே நேராகப் பொருத்தப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் லீவரையும் தண்டையும் ஓர் இணைப்புக் கம்பி சேர்க்கும்.

பழுது பார்ப்பதில் பாதி வேலை, தளர்ச்சி எங்கே என்று கண்டுபிடிப்பதுதான். எஞ்சினை அணைத்து, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சேற்றைத் துடையுங்கள். லீவரைக் கையால் மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். எந்த இடத்தில் ஒரு பாகம் அசைந்தும் அடுத்தது அசையாமல் இருக்கிறதோ, அங்கேதான் குறை.

லீவர் தண்டைப் பற்றும் இடத்தில் ஆட்டம் இருந்தால், அங்குள்ள போல்ட்டைப் பாருங்கள். பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பானர் பொருந்தும். லீவரும் தண்டும் சேரும் இடத்தில் முதலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்பப் பொருத்தும்போது கோணம் மாறாது. பல வண்டிகளில் இந்தப் போல்ட் தண்டிலுள்ள பள்ளத்தின் வழியே செல்வதால், அதை முழுவதும் உருவினால்தான் லீவர் வெளியே வரும். தண்டிலும் லீவரின் துளையிலும் உள்ள நுண்ணிய பற்களைப் பிரஷ்ஷால் துலக்குங்கள். பற்கள் கூர்மையாக இருந்தால் மீண்டும் பொருத்தி முடுக்கினால் போதும். மிதமிஞ்சிய பலம் வேண்டாம். சிறு போல்ட்டின் மரை போய்விடும். மரை கழன்றால் மனிதனும் உதவான், போல்ட்டும் உதவாது!

போல்ட்டை முடுக்கி லீவரின் பிளவு முழுவதும் மூடிய பின்னும் ஆட்டம் இருந்தால், பற்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். குளிர்பான டின்னின் மெல்லிய தகட்டை உள்ளே வைத்து வீடு வந்து சேரலாம்; அது தற்காலிக உபாயமே. புது லீவர் வாங்குவதே முறை.

இணைப்புக் கம்பி உள்ள வண்டிகளில் அதன் இரு முனைகளிலுமுள்ள பந்து மூட்டுகளைச் சோதியுங்கள். கடகடவென்று ஆடும் மூட்டை மாற்ற வேண்டும். லாக் நட் தளர்ந்திருந்தால், கம்பியைச் சுழற்றி லீவரின் உயரத்தைச் சரிசெய்து, பிறகு நட்டை முடுக்குங்கள். ஒரு முனையின் மரை பெரும்பாலும் இடப்புரியாக இருக்கும். அந்த நட்டை எதிர்த் திசையில் திருப்ப வேண்டும் என்பதை மறவாதீர்கள். லீவரின் சுழல் முனைக்குச் சிறிது கிரீஸும் தேவை.

அன்று தெருவோரப் பட்டறைக்காரர் என்னிடம், "வெல்டிங் வைத்துவிட்டால் ஆயுள் முழுவதும் ஆடாது" என்று இந்தியில் யோசனை சொன்னார். நல்ல வேளையாக நான் இணங்கவில்லை. வெல்டிங்கின் சூடு அருகிலுள்ள எண்ணெய் சீலைக் கெடுக்கும். பின்னொரு நாள் மூடியைக் கழற்ற வேண்டுமானால் லீவரை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும், பின்சக்கரத்தைக் கையால் சுழற்றியபடி எல்லாக் கியர்களையும் மாற்றிப் பாருங்கள். பிறகு சந்தடியற்ற தெருவில் ஓட்டிப் பாருங்கள். சில நாள் கழித்துப் போல்ட்டை மறுபடி சோதியுங்கள். லீவர் உறுதியாக இருந்தும் கியர் நழுவினாலோ, லீவர் தானாக நடுநிலைக்குத் திரும்பாவிட்டாலோ, குறை உள்ளே இருக்கிறது. அதைக் கைதேர்ந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

மரைக்கு இந்தியில் "சூடி" என்று பெயர். வளையலுக்கும் அதே சொல்தான். ஸ்பானரை இங்குள்ள பட்டறைகளில் "பானா" என்பார்கள். இவ்விரு சொற்களும் தெரிந்து, தளர்ந்த இடத்தை விரலால் சுட்டிக் காட்டவும் முடிந்தால், வேற்றூர்ப் பட்டறையிலும் நாம் விழிக்க வேண்டியதில்லை.

டாக்ஸியில் சென்ற மகள் பரீட்சையை நேரத்துக்கு எழுதிவிட்டாள். அந்த ஞாயிறன்று நான் லீவரைக் கழற்றியபோது டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு அருகில் நின்றவள் அவளே. இப்பொழுது வண்டியில் ஏறும் முன் லீவரை ஒரு முறை அசைத்துப் பார்க்கிறாள். நானும் அவள் பார்த்து முடிக்கும் வரை காத்திருக்கிறேன்.