அன்று அந்தினேயா, இன்று தின் ஹினான்

கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் அட்லாண்டிஸ் சகாரா பாலைவனத்தின் ஹொக்கார் மலைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. அதன் கடைசி வாரிசான அரசி அந்தினேயா, தன்னைக் காதலித்து மாண்டவர்களை உலோகம் பூசிச் சிலைகளாக நிறுத்தி வைக்கிறாள். அவளிடம் இரண்டு பிரெஞ்சு ராணுவ அதிகாரிகள் சிக்குகிறார்கள். பியேர் பெனுவா 1919இல் எழுதிய இந்த நாவலை ழாக் ஃபெய்தர் 1921இல் 'லாத்லாந்தித்' என்ற ஊமைப்படமாக எடுத்தார்.

ஸ்டூடியோவுக்குள் மணலைக் கொட்டி எடுத்துவிடலாம் என்ற யோசனையை ஃபெய்தர் ஏற்கவில்லை. அல்ஜீரியாவுக்கே படக்குழுவை அழைத்துப்போய் எட்டு மாதம் தங்கினார். அரண்மனைக் காட்சிகளைக்கூட அல்ஜியர்ஸ் அருகே கூடாரம் அடித்து எடுத்தார். செலவு ஏறக்குறைய 20 லட்சம் ஃபிராங்க். பாரிஸில் படம் ஓராண்டுக்கு மேல் ஓடியது.

அன்றைய ரசிகர்கள் அரசியையும் அதிகாரிகளையும் பார்க்க வந்தார்கள். மண்ணின் மக்களான துவாரெக்குகள் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஏவலர்களாகவும் ஓரத்தில் நின்றார்கள். பிரான்ஸ் ஆண்ட நிலம் என்பதால் அது யாருக்கும் உறுத்தவில்லை.

1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. படத்தின் புதுப்பிக்கப்பட்ட பிரதியை இன்று பார்க்கும்போது அந்தினேயாவின் ஆடம்பரம் பழசாகிவிட்டது தெரிகிறது. ஒட்டக வரிசையும் வெயிலும் முடிவில்லா மணல்மேடுகளும் மட்டும் சற்றும் பழசாகவில்லை. நாம் இன்று உண்மையென்று நம்பிப் பார்ப்பது, அன்று பின்னணியாக வைக்கப்பட்டவற்றைத்தான்.

ஹொக்காருக்குச் சொந்தமாகவே ஓர் அரசியும் உண்டு. துவாரெக் மக்கள் தங்கள் மூதாயாகப் போற்றும் தின் ஹினான் அவர். படம் வெளியாகி நான்கே ஆண்டுகளில், 1925இல், ஹொக்காரின் அபலெஸ்ஸாவில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். பொன், வெள்ளி வளையல்கள் அணிந்த ஒரு பெண்ணின் எலும்புக்கூடு உள்ளே இருந்தது. அது 4 அல்லது 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். தின் ஹினானே அவர் என்பது அம்மக்களின் நம்பிக்கை. அந்த எலும்புக்கூடு இன்று அல்ஜியர்ஸ் பார்டோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தினேயாவின் கதையை 1932இல் இயக்குநர் பாப்ஸ்ட் மறுபடி எடுத்தார், மூன்று மொழிகளில். பின்னரும் பலர் எடுத்தார்கள். கற்பனை அரசிக்கு இத்தனை படங்கள் வந்தபின்னும் உலகத் திரை ரசிகர்களில் பெரும்பாலோர் தின் ஹினான் பெயரைக் கேட்டதில்லை. ஃபெய்தரின் படம் பார்க்கப்பட வேண்டியதுதான். அந்த உழைப்புக்கு மரியாதை செய்தாக வேண்டும். ஆனால் அதைத் திரையிடுகிறவர்கள், தின் ஹினானைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.