1966: ஆபிரிக்கா பகிஷ்கரித்த உலகக் கிண்ணம்

வார இறுதியில் தமிழ்ப் பாடம் முடியுமுன்னரே உங்களுட் பலருடைய மனம் பந்தை நாடி மைதானத்துக்கு ஓடிவிடுகின்றது என்பதை நாம் அறியாதவரல்லர். ஆகவே இம்மலருக்கு உதைபந்தாட்டத்தைப் பற்றியே எழுதத் துணிந்தேன். ஆயினும் இது விளையாடி வென்றவர்களின் வரலாறு அன்று. விளையாட மறுத்தவர்களின் வரலாறு. பெற்றோரும் இதனைப் பிள்ளைகளோடு இருந்து வாசிப்பது நன்று.

எட்டாவது உலகக் கிண்ணச் சுற்றுப்போட்டி 1966ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இங்கிலாந்தில் நடைபெற்றது. யூலை 30ஆம் திகதி இலண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்து மேற்கு ஜேர்மனியை 4-2 என்ற கோல் கணக்கில் வென்று கிண்ணத்தைப் பெற்றது. போட்டிக்குச் சில மாதங்களின் முன் அக்கிண்ணம் களவு போனதையும், பிக்கிள்ஸ் என்ற நாய் அதனைக் கண்டுபிடித்ததையும் இன்றும் பலர் சுவையாகச் சொல்வர். ஆனால் அந்த மைதானங்களில் ஆடிய பதினாறு நாடுகளின் பெயர்களையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் பத்து, தென் அமெரிக்க நாடுகள் நான்கு, மெக்சிக்கோ, வட கொரியா. ஆபிரிக்காவிலிருந்து ஒரு நாடுதானும் இல்லை. அந்நாடுகள் தோற்று வெளியேறியிருப்பின் இக்கட்டுரைக்குத் தேவை எழுந்திராது. தகுதிகாண் சுற்றில் பெயர் பதிந்திருந்த பதினைந்து ஆபிரிக்க நாடுகளும், ஒரு பந்தையேனும் உதைக்காமல், ஒருமித்து விலகிக்கொண்டன.

இவ்வாறு கூட்டாக மறுத்து விலகுவதைப் பகிஷ்கரிப்பு என்கின்றோம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'பொய்கொட்' என்ற சொல் ஒரு மனிதரின் பெயர். 1880இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் நிலங்களை மேற்பார்வை செய்தவர் கப்டன் பொய்கொட். அவருக்கு வேலை செய்யவும், பொருள் விற்கவும், அவரோடு பேசவும் குத்தகை விவசாயிகளும் ஊராரும் மறுத்தனர். அவர் பெயரே அச்செயலுக்கும் பெயராயிற்று. நம் சொல்லோ வடமொழி வழி வந்தது. வெளியே தள்ளுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். ஆபிரிக்கரின் கதையில் யார் யாரை வெளியே தள்ளினர் என்பது சற்றுச் சிக்கலான வினா. அதற்கு விடை காண ஒரு சிறு கணக்கைப் பார்த்தல் வேண்டும்.

உலக உதைபந்தாட்டத்தை நிருவகிக்கும் பீஃபா என்ற சர்வதேசச் சம்மேளனம் 1964ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பதினாறு இடங்களையும் பங்கிட்டது. போட்டியை நடத்தும் இங்கிலாந்து உட்பட ஐரோப்பாவுக்குப் பத்து. முன்னைய வெற்றியாளரான பிரேசில் உட்படத் தென் அமெரிக்காவுக்கு நான்கு. வட, மத்திய அமெரிக்காவுக்கும் கரிபியன் தீவுகளுக்கும் சேர்த்து ஒன்று. எஞ்சிய ஓர் இடம் ஆபிரிக்கா, ஆசியா, ஓசியானியா ஆகிய மூன்றுக்கும் பொதுவானது. அதாவது ஆபிரிக்காவில் எல்லோரையும் வென்று முதலாவதாக வந்த நாடும் இங்கிலாந்துக்குச் செல்ல இயலாது. ஆசிய-ஓசியானிய வெற்றியாளரையும் வென்ற பின்னரே அவ்விடம் கிட்டும். உலக மக்கட்டொகையிற் பாதிக்கு மேற்பட்டோர் வாழும் நிலப்பரப்புக்குப் பதினாறில் ஒன்று!

இது புதிய அநீதியும் அன்று. 1934இல் எகிப்து இத்தாலியில் நடந்த உலகக் கிண்ணத்தில் ஆடி, ஹங்கேரியிடம் 4-2 எனத் தோற்றது. அதன் பின்னர் முப்பது ஆண்டுகளாக எந்த ஆபிரிக்க நாடும் இறுதிச் சுற்றைக் கண்டதில்லை. 1962ஆம் ஆண்டுப் போட்டிக்காக ஆபிரிக்காவில் முதலிடம் பெற்ற மொரோக்கோ, அதன் பின்னரும் ஸ்பெயினுடன் மோத வேண்டியதாயிற்று. ஓர் ஆட்டத்தில் 1-0, மற்றையதில் 3-2 எனத் தோற்றது. இரண்டிலும் ஒரு கோல் வேறுபாடுதான்.

"ஆபிரிக்கர் அக்காலத்தில் நன்றாக ஆடத் தெரியாதவர்கள்; ஆகையால் இடம் கொடுக்கவில்லை" என்று சொல்வோர் உளர். அவர்களுக்குக் கானாவைக் காட்டலாம். 1957இல் சுதந்திரம் பெற்ற அந்நாட்டின் தலைவர் குவாமே நிக்ருமா, புதிய நாடுகளை ஒன்றுபடுத்தும் கருவியாக உதைபந்தாட்டத்தைக் கருதினார். தேசிய அணிக்குக் 'கறுப்பு நட்சத்திரங்கள்' என்று பெயர். கானாவின் கொடி நடுவிலும் கறுப்பு நட்சத்திரமே உண்டு. ஜாம்ஃபி என்னும் பயிற்றுநரின் கீழ் அவ்வணி 1963இல் தன் தலைநகர் அக்ராவில் சூடானை 3-0 என வென்று ஆபிரிக்கக் கிண்ணத்தைப் பெற்றது. 1965இல் தியூனிசியாவை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என வென்று கிண்ணத்தைத் தக்கவைத்தது. இடையில் 1964 தோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் கானா காலிறுதி வரை சென்றது. ஐக்கிய அரபுக் குடியரசு என்ற பெயரில் ஆடிய எகிப்து அங்கு நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக்கில் ஆடியோர் தொழில்முறை வீரர் அல்லர் என்பது உண்மையே. எனினும் ஆடத் தெரியாதவர் நான்காம் இடத்துக்கு வருவதில்லை.

பீஃபாவின் பங்கீட்டைக் கண்டதும் முதலில் எதிர்ப்புத் தெரிவித்தவர் கானாவின் விளையாட்டுத்துறைப் பணிப்பாளரும் பீஃபா செயற்குழு உறுப்பினருமான ஓஹெனே ஜான் என்பவர். அவர் அனுப்பிய கண்டனத் தந்தி பெயர் பெற்றது. எத்தியோப்பியரான தெசெமா என்பவரும் அவருடன் தோளோடு தோள் நின்றார். இருவரும் ஆபிரிக்க உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் தூண்கள். அவர்களுடைய கோரிக்கை மிக எளியது: ஆபிரிக்காவில் முதலாவதாக வரும் நாட்டுக்கு ஓர் இடம். அவ்வளவே.

தென் ஆபிரிக்கா என்ற மற்றொரு நெருப்பும் உள்ளே கனன்றுகொண்டிருந்தது. அங்கு அக்காலத்தில் அரசே மக்களை நிறத்தால் பிரித்து ஆண்டது. வெள்ளையரும் மற்றையோரும் ஒரே அணியில் ஆட இடமில்லை. 1957இல் சூடானின் கார்ட்டூம் நகரில் முதலாவது ஆபிரிக்கக் கிண்ணப் போட்டி ஒழுங்கு செய்யப்பட்டபோது எகிப்து, சூடான், எத்தியோப்பியா, தென் ஆபிரிக்கா ஆகிய நான்கு நாடுகள் பங்குபற்றுவதாக இருந்தது. தென் ஆபிரிக்கரோ முற்றிலும் வெள்ளையர் அணியை அல்லது முற்றிலும் கறுப்பர் அணியைத்தான் அனுப்புவோம் என்றனர். மற்றையோர் இணங்கவில்லை. போட்டி மூன்று நாடுகளுடனேயே நடந்தது.

இவ்விடத்தில் நம்மவரையும் நினைத்தல் தகும். 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறி நேற்றால் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் டர்பன் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் பல்லாயிரவராக வாழ்கின்றனர். அவர்களும் பிற இந்திய வம்சாவளியினரும் தமக்கெனக் கழகங்கள் அமைத்து விடாது உதைபந்தாடினர். ஆனால் எத்துணைத் திறமை இருந்தபோதிலும் நாட்டின் அணியில் அவர்களுக்கு இடமில்லை. 1951இல் ஆபிரிக்க, இந்திய, கலப்பின மக்களின் சங்கங்கள் ஒன்றுகூடித் தென் ஆபிரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனத்தை நிறுவின. நிறம் பாராத விளையாட்டையே அவை வேண்டின. ஆயினும் பீஃபாவின் அங்கீகாரம் வெள்ளையர் சங்கத்திடமே இருந்தது.

பீஃபா 1961இல் அவ்வெள்ளையர் சங்கத்தை இடைநிறுத்தியது. அதே ஆண்டில் பீஃபாவின் தலைவரானவர் ஆங்கிலேயரான சேர் ஸ்ரான்லி ரௌஸ். இவரைக் கொடியவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாகாது. இவர் புகழ்பெற்ற நடுவராக விளங்கியவர். ஆட்ட விதிகளைச் செப்பமாகத் திருத்தி எழுதியவர். விளையாட்டில் அரசியல் புகலாகாது என்று உளமார நம்பியவர். ஆனால் நிறத்தைப் பார்த்து ஒருவனை அணியில் சேர்க்க மறுப்பதே அரசியல்தான் என்பது அவருக்கு ஏனோ தோன்றவில்லை. 1963 சனவரியில் அவரே தென் ஆபிரிக்காவுக்குச் சென்று பார்த்துவந்தார். அதன்பின் இடைநிறுத்தம் நீக்கப்பட்டது. அச்சங்கம் முன்வைத்த யோசனையைக் கேளுங்கள்: 1966 உலகக் கிண்ணத்துக்கு வெள்ளையர் அணி, 1970 உலகக் கிண்ணத்துக்குக் கறுப்பர் அணி! வகுப்பில் எவரேனும் இவ்வாறு சொன்னால் நீங்களே சிரித்துவிடுவீர்கள். மேலும், ஆபிரிக்க நாடுகள் ஏற்கா என்பதனால், தென் ஆபிரிக்காவை ஆசிய-ஓசியானியப் பிரிவில் சேர்த்தனர்.

1964 ஒக்டோபரில் தோக்கியோவில் கூடிய பீஃபா பொதுச்சபை தென் ஆபிரிக்காவை மீண்டும் இடைநிறுத்தியது. அங்கே ஆபிரிக்க, ஆசிய நாடுகளின் வாக்குகளுக்கு வலிமை இருந்தது. ஆகவே இரண்டு முறைப்பாடுகளுள் ஒன்று ஓரளவு தீர்ந்தது எனலாம். ஆனால் இடப் பங்கீடு மாறவில்லை. ஆபிரிக்க நாடுகளும் தம் முடிவை மாற்றவில்லை. பதினைந்தும் விலகின. பீஃபா தண்டப்பணம் விதித்தது.

பெரியோர் இங்கு ஒரு கேள்வி எழுப்பலாம். போட்டியிற் பங்குபற்றித் திறமையைக் காட்டியே உரிமையைக் கேட்டிருக்கலாகாதா? நானும் இதனை எண்ணிப் பார்த்ததுண்டு. மொரோக்கோ அவ்வாறுதான் 1962இல் ஆடியது. அதனால் பங்கீடு மாறவில்லை என்பதே விடையாகத் தெரிகின்றது. ஆயினும் மறுப்பின் விலையைக் கொடுத்தோர் கூட்டங்களில் வாக்களித்த அதிகாரிகள் அல்லர். இருபது, இருபத்தைந்து வயது வீரர்கள். கானாவின் ஒசெய் கோஃபி அக்காலத்தில் ஆபிரிக்காவின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவர். உலகக் கிண்ணத்தில் அவர் ஒருநாளும் ஆடியதில்லை. ஒரு வீரனின் கால்களுக்கு உச்ச வலிமை இருக்கும் ஆண்டுகள் மிகச் சிலவே.

காலியான அவ்விடத்துக்கு என்ன நேர்ந்தது? தென் ஆபிரிக்கா நீக்கப்பட்டது; தென் கொரியாவும் விலகிற்று. எஞ்சியோர் வட கொரியாவும் அவுஸ்திரேலியாவும். ஆட்டங்கள் 1965 நவம்பரில் கம்போடியத் தலைநகர் ப்னோம் பென்னில் நடைபெற்றன. பார்வையாளருட் பாதிப்பேர் ஓர் அணியையும் மறுபாதியினர் மற்றைய அணியையும் உற்சாகப்படுத்த வேண்டும் என்று இளவரசர் சிஹானூக் பணித்ததாகச் சொல்வர். வட கொரியா 6-1, 3-1 என இரண்டிலும் வென்றது. பின்னர் மிடில்ஸ்பரோ நகரில் பாக் டூ-இக் அடித்த ஒரே கோலினால் இத்தாலியையே தோற்கடித்து உலகை வியக்கச் செய்தது. எவரும் பொருட்படுத்தாத ஒரு கண்டத்திலிருந்து வந்த அணி அது. கதவு ஒரு சிறிது திறந்தால் என்ன நிகழும் என்பதனைப் பங்கீடு செய்தோர் தம் கண்ணாற் கண்டனர்.

அடுத்து லிவர்பூலில் காலிறுதி ஆட்டம். வட கொரியா இருபத்தைந்து நிமிடங்களுக்குள் மூன்று கோல் அடித்துவிட்டது. எதிரணியாகிய போர்த்துக்கலுக்கு ஒருவர் தனித்து நின்று நான்கு கோல்களை அடித்தார். 5-3 எனப் போர்த்துக்கல் வென்றது. அந்த யூசேபியோவே ஒன்பது கோல்களுடன் அப்போட்டியில் அதிக கோல் அடித்தவர். அவர் பிறந்த நாடு எது என்று நினைக்கின்றீர்கள்? ஆபிரிக்காவின் மொசாம்பிக். அன்று அது போர்த்துக்கலின் குடியேற்ற நாடு. அணித்தலைவர் கொலுனாவும் மொசாம்பிக்கிற் பிறந்தவரே. ஆபிரிக்க நாடு எதுவும் ஆடாத உலகக் கிண்ணத்தில் ஆபிரிக்க மண்ணிற் பிறந்தவரே முன்னின்றார். ஆனால் வேறொரு நாட்டின் சட்டையை அணிந்திருந்தார்.

1968இல் பீஃபா இணங்கியது. ஆபிரிக்காவுக்குத் தனியாக ஓர் இடம். ஆசியாவுக்கும் ஓசியானியாவுக்கும் சேர்த்து வேறோர் இடம். 1970இல் மெக்சிக்கோவுக்குச் சென்ற மொரோக்கோ மேற்கு ஜேர்மனிக்கு எதிராக முதற் கோலை அடித்துப் பின்னர் 2-1 எனத் தோற்றது. பல்கேரியாவுடன் 1-1 எனச் சமநிலை கண்டது. 1974இல் நடந்த தேர்தலில் ஆபிரிக்க வாக்குகளின் துணையோடு பிரேசிலரான ஹவலாஞ்ச், ஸ்ரான்லி ரௌஸைத் தோற்கடித்தார். 1976இல் தென் ஆபிரிக்க வெள்ளையர் சங்கம் பீஃபாவிலிருந்து முற்றாக வெளியேற்றப்பட்டது. நிறவெறி ஆட்சி தளர்ந்தபின், 1992இல், நிறம் பாராத புதிய சங்கம் உள்ளே வந்தது. 2010இல் உலகக் கிண்ணப் போட்டியே அந்நாட்டில் நடந்தது. ஆட்டங்கள் நடந்த நகரங்களுள் டர்பனும் ஒன்று. 2022இல் மொரோக்கோ அரையிறுதியை அடைந்தது. 2026ஆம் ஆண்டுப் போட்டிக்கென நாற்பத்தெட்டு இடங்களுள் ஆபிரிக்காவுக்கு நேரடியாக ஒதுக்கப்பட்டவை ஒன்பது.

பகிஷ்கரிப்பை முன்னின்று நடத்திய கானாவுக்கோ 1970இல் தகுதி கிட்டவில்லை. நிக்ருமாவின் ஆட்சியும் 1966 பெப்ரவரியிலேயே கவிழ்க்கப்பட்டிருந்தது. இங்கிலாந்தில் முதற்பந்து உதைக்கப்படுமுன் அவர் நாட்டுக்கு வெளியே இருந்தார். கறுப்பு நட்சத்திரங்கள் தம் முதலாவது உலகக் கிண்ண ஆட்டத்தை ஜேர்மனியின் ஹனோவர் நகரில் இத்தாலிக்கு எதிராக ஆடினர். அன்றைய திகதி 2006 யூன் 12.